மூன்றாம் ஸ்டாண்டில் கைதட்டியவர்கள்

இதைக் கதை என்று நினைத்துப் படிப்பதாக இருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். போன பிப்ரவரியில், ஒரு வெள்ளிக்கிழமை, பட்டப்பகலில் நடந்தது இது. ஜோஸ்மி என்கிற நர்ஸுக்கு நடந்தது. கம்பெனியின் பெயரும் மைதானத்தின் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். மற்றபடி அவள் சொன்னதில் எதையும் நான் மாற்றவில்லை. மணி, நிமிஷம் உட்பட. அந்த விஷயத்தில் அவளை நம்பலாம். ஊசி போட்டாலும் தண்ணீர் கொடுத்தாலும் நேரத்தைக் குறித்தே பழகிய கை அது.

ஜோஸ்மிக்குச் சொந்த ஊர் குமரி மாவட்டத்து முட்டம். வயது முப்பத்தொன்று. அமீரகத்து ராஸ் அல் கைமாவில் ஒரு தனியார் ஆம்புலன்ஸ் கம்பெனியில் ஐந்து வருஷமாக டியூட்டி. மார்ச்சில் கான்ட்ராக்ட் முடிகிறது. ஆள் குறைப்பு நடந்துகொண்டிருந்த நேரம். "ஒரு சின்னக் கம்ப்ளெயின்ட் வந்தாலும் நான் உனக்காகப் பேச முடியாது" என்று சூப்பர்வைசர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்.

அன்றைக்கு அவளைப் போட்டது ஸ்பீட்வே ரேஸுக்கு. சிமென்ட் ஃபாக்டரிகளைத் தாண்டி, மலையடிவாரத்தில், முட்டை வடிவத்தில் ஒரு மண் பாதை. அதில் நாலு பைக் ஒரே நேரத்தில் கிளம்பும். நாலு சுற்று. எப்போதும் இடது பக்கமே திரும்பும். பின்சக்கரம் மண்ணை வாரி இறைத்துச் சறுக்கிக்கொண்டே போகும். அந்த பைக்குகளுக்கு பிரேக் கிடையாது. கேட்டபோது அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. நிஜமாகவே கிடையாது.

ஒரு காலத்தில் அங்கே ஏழாயிரம் பேர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். இதைச் சொன்னவர் மைதானப் பொறுப்பாளர் கல்யாணசுந்தரம், கும்பகோணத்துப் பக்கத்துக்காரர், அங்கேயே இருபது வருஷமாக வேலை பார்ப்பவர். போலந்திலிருந்தும் ஸ்வீடனிலிருந்தும் ஓட்டுக்காரர்கள் வருவார்களாம். லேபர் கேம்ப்களிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆள் வருமாம். டிக்கெட் கிடைக்காதவர்கள் வெளியே நின்ற தண்ணீர் டேங்கர்களின் மேல் ஏறி உட்கார்ந்து பார்ப்பார்களாம். பிறகு டிவிக்காரர்கள் வருவது நின்றது. பெரிய ஓட்டுக்காரர்கள் நின்றார்கள். விளம்பரம் கொடுத்தவர்கள் கார் ரேஸ் பக்கம் போய்விட்டார்கள். மூன்றாம் ஸ்டாண்டின் நாற்காலிகளைக்கூட யாரோ ஒரு கிரிக்கெட் கிரவுண்டுக்குக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சிமென்ட் படிகளில் போல்ட்டுகள் மட்டும் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. அன்று மாலை நடக்கவிருந்ததுதான் கடைசிப் போட்டி. அடுத்த மாதத்திலிருந்து குவாரி லாரிகள் நிறுத்த இடம் கொடுப்பதாகப் பேச்சு முடிந்திருந்தது. அந்தக் கடைசிப் போட்டிக்கும் டிக்கெட் வாங்கியவர்கள் முப்பது பேர் தேறவில்லை.

வந்ததிலிருந்தே ஜோஸ்மிக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரணம் தெரியவில்லை. ஆம்புலன்ஸின் ஆக்ஸிஜனைத் திறந்து பார்த்தாள், மூடினாள். பஞ்சுக்கட்டுகளை எண்ணினாள், மறுபடி எண்ணினாள். இறங்கினாள், ஏறினாள். டிரைவர் நாகலிங்கம், பரமக்குடிக்காரர், சீட்டைச் சாய்த்துப் படுத்தபடி, உனக்கு இன்றைக்கு என்ன ஆச்சு தங்கச்சி என்று கேட்டார். ஒண்ணும் இல்லை அண்ணே என்றாள். சொல்லி முடிக்கும்போதே மறுபடி இறங்கியிருந்தாள்.

1:30க்கு சேஃப்டி ஆபீசர், ஒரு ஃபிலிப்பீன்ஸ் பெண், எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசினாள். இந்த பைக்குகளுக்குப் பெட்ரோல் இல்லை, மெத்தனால். அது பற்றிக்கொண்டால் பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்குத் தெரியாது. புகையும் வராது. யாராவது நின்ற இடத்திலேயே குதித்தால், உடம்பைத் தட்டிக்கொண்டால், வேடிக்கை பார்க்காதீர்கள், தண்ணீரோடு ஓடுங்கள் என்றாள். ஜோஸ்மி தலையாட்டினாள்.

3:00. பிராக்டிஸ் ஆரம்பம். நாலு பைக் உறுமிக்கொண்டு கிளம்பின. முதல் வளைவில் திரும்பியதுதான் தாமதம்... பின்னால் கைதட்டல். பத்துப் பேர், இருபது பேர் தட்டுகிற சத்தம் இல்லை. ஒரு கூட்டமே தட்டுகிற சத்தம்.

திரும்பிப் பார்த்தாள். மூன்றாம் ஸ்டாண்ட். வெறும் போல்ட்டுகள்.

நாகலிங்கம் சிரித்தார். ஸ்பீக்கர் என்றார். ஆள் இல்லாத கிரவுண்டில் ஓட்டினால் ஓட்டுகிறவனுக்கு மனசு விட்டுப்போகும் இல்லையா, அதற்காகப் பழைய ரெக்கார்டிங்கைப் போடுகிறார்கள், கூட்டம் நிறைந்த ஒரு நாளில் பிடித்து வைத்ததாம். ஸ்டாண்டின் மேலே சாம்பல் நிறப் பெட்டிகள் தெரிந்தன. ஜோஸ்மிக்கு மூச்சு வந்தது.

3:20. டிராக்கில் பைக் இல்லை. டிராக்டர் ஒன்று மண்ணைச் சமப்படுத்திக்கொண்டிருந்தது. கைதட்டல் கேட்டது. ரெக்கார்டிங் போடுகிறவன் கவனிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டாள்.

3:48. சத்தம் ஒரே இடத்திலிருந்து வரவில்லை. ஸ்டாண்டின் இடது கோடியில் தொடங்கியது. மெல்ல வலது பக்கம் நகர்ந்தது. கீழே போகிற எதையோ வரிசை வரிசையாகப் பார்த்துத் தட்டுகிற மாதிரி. கீழே எதுவும் போகவில்லை.

4:05. ஜெனரேட்டர் நின்றது. ஸ்கோர் போர்டு அணைந்தது. ஸ்பீக்கர் 'டொக்' என்று ஒரு சத்தத்தோடு செத்தது. பைக்குகளுக்கு அதைப் பற்றி என்ன... சுற்றை முடித்துவிட்டு உள்ளே போயின. நல்ல அமைதி. எங்கோ குவாரியில் கல் உடைகிற சத்தம் மட்டும்.

4:07.

டப்.

ஒரே ஒரு ஜோடிக் கை.

டப்... டப்... பிறகு இன்னொரு ஜோடி. பிறகு ஒரு வரிசை. பிறகு ஸ்டாண்ட் முழுவதும்.

"அண்ணே, கரன்ட் வந்துட்டா?"

"இல்லியே."

"அப்போ கைதட்டுறது?"

"என்ன கைதட்டு?"

நாகலிங்கம் அவள் முகத்தைப் பார்த்தார். ஜன்னல் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டார்.

4:11. கரன்ட் இல்லாமலேயே அடுத்த நாலு பைக்குகளைக் கொடி அசைத்து விட்டார்கள். எஞ்சின் சத்தத்துக்கு மேலேயும் அது கேட்டது.

4:14. கைதட்டலில் சிரிப்பு கலந்தது. ஆண்கள், பெண்கள், குழந்தைகள். எல்லோரும் ஒரே இடத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்... அது எப்படித் தெரிந்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை. தெரிந்தது, அவ்வளவுதான். அவளும் அந்தப் பக்கம் பார்த்தாள்.

டிராக்குக்கு எதிர்ப்புறம். கம்பி வேலி. நீல நிற டிரம்கள். பக்கத்தில் கழுத்திலிருந்து கால்வரை மூடும் மஞ்சள் 'கவரால்' உடுப்புப் போட்ட ஒருவன்.

ஆடிக்கொண்டிருந்தான்.

தொடையில் தட்டினான். நெஞ்சில் தட்டினான். குதித்தான், சுழன்றான். கோமாளி ஆடுகிற மாதிரியே இருந்தது. சிரிப்பு பொங்கியது. ஜோஸ்மியின் உதட்டிலும் ஒரு சிரிப்பு வந்தது. அந்த ஒரு நொடியை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தூக்கம் போய்விடுகிறது.

அவன் தலைமுடி சுருங்கியது.

காற்றே இல்லை. முடி சுருண்டு சுருண்டு உள்ளே போனது. அவனுக்குப் பின்னால் இருந்த வேலி, தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல நெளிந்தது.

வண்டியிலிருந்து கம்பளியை இழுத்தாள். இருபது லிட்டர் கேன் தண்ணீரை அப்படியே அதில் கொட்டினாள். ஓடினாள்.

நேராக. டிராக்கின் குறுக்கே.

பிரேக் இல்லாத நாலு பைக்குகள் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தன. ஒருவன் அவளைத் தவிர்க்க பைக்கையே தரையில் சாய்த்தான். மண் வந்து முகத்தில் அறைந்தது. சிவப்புக் கொடி. யாரோ கத்தினார்கள். அவள் நிற்கவில்லை.

4:16. கம்பளியை வீசினாள்.

அது கீழே விழவில்லை.

தோள் உயரத்தில் நின்றது. உள்ளே ஆள் இருந்தான்.

கட்டிப்பிடித்தாள். தரையில் சாய்த்தாள். உருட்டினாள். முன்கை இரண்டும் அடுப்பில் வைத்ததுபோல் எரிந்தது. அவன் நெஞ்சு ஏறி இறங்குவது அவள் நெஞ்சில் தெரிந்தது. எந்த நோயாளியிடமும் முதலில் சொல்வதையே அப்போதும் சொன்னாள். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"நான் ஜோஸ்மி. நர்ஸ். பயப்படாதீங்க, பக்கத்துலயே இருக்கேன்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. தமிழ்.

"சிஸ்டர்... கைதட்ட வேணாம்னு சொல்லுங்க."

தலையைத் தூக்கி, மூன்றாம் ஸ்டாண்டைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"நிறுத்துங்க."

நின்றது.

கைக்கு அடியில் கம்பளி மெல்ல அமுங்கியது... அமுங்கியது... தரையைத் தொட்டது.

4:17.

மற்றவர்கள் பார்த்தது வேறு. ஆம்புலன்ஸ் நர்ஸ் ஒருத்தி ஓடுகிற பைக்குகளுக்கு நடுவே புகுந்து போனாள், ஈரக் கம்பளியை மண்ணில் போட்டு அதன்மேல் படுத்துக் கட்டிக்கொண்டாள், காலி ஸ்டாண்டைப் பார்த்து ஏதோ பாஷையில் சத்தம் போட்டாள். இவ்வளவுதான் அவர்களுக்கு. பைக்கைச் சாய்த்தவனுக்கு முழங்காலில் அடி. மஞ்சள் கவரால் போட்டவர் எங்கே என்று கேட்டாள். இங்கே யாருக்கும் மஞ்சள் கிடையாது, எல்லோருக்கும் கறுப்புதான் என்றார்கள். அவளுடைய முன்கைகளில் முடி ஒன்றுகூட இல்லாமல் கருகியிருந்தது. ரிப்போர்ட்டில் சூப்பர்வைசர் 'வெயில் பாதிப்பு' என்று எழுதினார். மாலைப் போட்டிக்கு வேறு நர்ஸ் வந்தாள். மார்ச்சில் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கழிந்து ஒன்பதாம் நாள் ஜோஸ்மி மறுபடி அங்கே போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. ராத்திரி, பகல், எந்நேரமும் கால் நடந்துகொண்டே இருந்தது, ரூமுக்குள்ளேயே. கல்யாணசுந்தரம் சாவிக்கொத்தை ஒப்படைக்கக் காத்திருந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மஞ்சள் கவரால் என்றபோது அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால், இதே பிப்ரவரி. ஏழாயிரம் பேர் வந்த நாள். விஜயபாஸ்கர் என்று ஒரு பையன், மானாமதுரை, பைக்குகளுக்கு மெத்தனால் ஊற்றுகிற ஹெல்பர். நீல டிரம் பக்கத்தில் பற்றிக்கொண்டது. தீ யார் கண்ணுக்கும் தெரியவில்லை. இடைவேளையில் கூட்டத்துக்காக ஆடிக் காட்டுகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். மைக்கில் பேசுகிறவனும் அதைச் சொல்லிச் சிரித்தான். ஒரு நிமிஷத்துக்கு மேல் கைதட்டியிருக்கிறார்கள்.

"நானும் தட்டுனேம்மா" என்றார் கல்யாணசுந்தரம்.

திடீரென்று எல்லாக் கையும் ஒரே நேரத்தில் நின்றதாம். ஏன் நின்றது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாதாம். ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டிருந்தது அன்றைக்குப் பிடித்த சத்தம்தான். அதற்குப் பிறகு அப்படி ஒரு கூட்டம் வரவே இல்லை, புதிதாகப் பிடிக்க வேறு சத்தம் ஏது என்றார்.

ஜோஸ்மி சிலுவை போட்டுக்கொண்டாள். பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும், அவர் இறந்த தேதி தெரியுமா என்று கேட்டாள்.

கல்யாணசுந்தரம் அவளை விசித்திரமாகப் பார்த்தார்.

"செத்துட்டான்னு யாரு சொன்னா? ஊர்ல மளிகைக் கடை வச்சிருக்கான். போன தீபாவளிக்குக்கூடப் பேசினேன்."

நம்பரைக் கொடுத்தார். இரண்டு நாள் அது அவள் கையிலேயே இருந்தது. மூன்றாம் நாள், மாலை 7:10க்குக் கூப்பிட்டாள். ராஸ் அல் கைமாவிலிருந்து பேசுகிறேன், கல்யாணசுந்தரம் சார் நம்பர் கொடுத்தார், தீக்காயத்தைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொன்னாள். விஜயபாஸ்கர் சிரித்த குரலில், தயக்கமில்லாமல் பேசினார். முதுகில் தோல் இன்னும் இழுக்கும், கை நன்றாக வேலை செய்கிறது, கடையை மனைவி பானுமதியும் பார்த்துக்கொள்கிறாள் என்றார்.

உங்களைக் காப்பாற்றியது யார் என்று கேட்டாள்.

விஜயபாஸ்கரின் குரல் தணிந்தது.

"சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, மேடம். ஆம்புலன்ஸ்ல அன்னைக்கு ஆம்பள நர்ஸ் ஒருத்தர்தானாம். அவரு வண்டிய விட்டு எறங்கவே இல்லையாம். தீ தானா அவிஞ்சதுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. ஆனா ஒரு சிஸ்டர் வந்தாங்க. ஈரக் கம்பளியப் போட்டு என்னைக் கட்டிப் புடிச்சாங்க. தமிழ்ல பேசுனாங்க. கைதட்டுறவங்களைப் பாத்து ஒரு சத்தம் போட்டாங்க பாருங்க... மொத்த ஸ்டாண்டும் கப்சிப். கண்ணத் தொறந்து பாக்கறேன், ஆளக் காணோம்."

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ஜோஸ்மி முட்டத்தில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். பாஸ்போர்ட்கூட எடுத்திருக்கவில்லை.

எதையாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அந்தப் பக்கம் டிவி அலறிக்கொண்டிருந்தது. விஜயபாஸ்கர் ஃபோனிலிருந்து முகத்தைத் திருப்பி வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஜோஸ்மி, டிவியக் கொஞ்சம் கொறைம்மா."

அவள் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"எம் பொண்ணு, மேடம். பதினொண்ணு நடக்குது. எங்க பக்கம் இந்தப் பேரே கெடையாது, யாரு வாய்லயும் நுழைய மாட்டேங்குது. அந்த சிஸ்டர் எங்கிட்டச் சொன்ன பேரு, அதத்தான் வச்சிருக்கோம்... ஆமா, உங்க பேரக் கேக்கவே இல்லையே, மேடம்?"