பிடுங்கி ஊற்றிய தண்ணீர்

கோவிலம்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு வெளிநாட்டு உதவிப் பணத்தில் குடிநீர்க் குழாய் போட்டார்கள். தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும். குடித்தால் வயிற்றால் போகும். குழாய் போட்ட அதிகாரியிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனோம்.

போன கோடையில் அந்த நாட்டுப் பெண் ஒருத்தி பார்வையிட வந்தாள். "நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லுங்கம்மா. இல்லன்னா பின்தெருவுக்குக் குழாய் வராது" என்று அந்த அதிகாரி முன்னாடியே சொல்லியிருந்தார். நாலு பேர் முன்னால் பேச எனக்குக் கூச்சம். தண்ணீர் நல்லா இருக்கா என்று அவள் அதிகாரி மூலமாகக் கேட்டபோது, ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

வெயிலில் முகம் சிவந்திருந்த அவள், உடனே குழாயைத் திறந்து டம்ளரில் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனாள். அதிகாரி தடுக்கவில்லை. நான் ஓடிப்போய்ப் பிடுங்கிக் கீழே ஊற்றிவிட்டேன்.

"வேணாம் கண்ணு, வயித்தால போவும்."

பாஷை தெரியாவிட்டாலும் அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் வாடிவிட்டது.

பின்தெருவுக்கு இன்னும் குழாய் வரவில்லை. அங்கிருக்கும் செல்வி என்னைப் பார்த்தாலே, "உன்னாலதான்க்கா பூட்ச்சு" என்பாள்.

"வந்தா மட்டும் குடிப்பியாடி?"

"துணியாவது தொவைப்பேன் இல்ல?"

அவள் சொல்வதும் நியாயம்தான். ஆனால் அந்த நேரத்தில் பின்தெருவும் நினைவுக்கு வரவில்லை, உதவி செய்த நாடும் நினைவுக்கு வரவில்லை. தாகத்தோடு ஒரு பெண் குடிக்கப் போகிறாள், அதுதான் தெரிந்தது.