அம்மாவுக்கு அடுத்த இடம்

எங்கள் ஆலயத்தில் திருவிருந்தன்று எல்லோரும் ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் குடிப்பதுதான் வழக்கம். பீடத்தின் முன் வரிசையாக முழங்காற்படியிடுவோம். போதகர் ஒவ்வொருவர் உதட்டிலும் பாத்திரத்தைச் சாய்த்து, விளிம்பைத் துணியால் துடைத்துவிட்டு அடுத்தவரிடம் போவார். அம்மாவின் உதட்டோரத்தில் வெண்புள்ளி படர்ந்த பிறகு, அவருக்கு அடுத்த இடத்தில் முழங்காற்படியிட ஆள் இல்லாமல் போனது. யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன்.

மறுத்துப் பேசுவதே என் பெருமை. கல்லூரி மேடைகளில் எதிரணியை எழவிடாதவள் நான். ஆகவே பெண்கள் சங்கக் கூட்டத்தில் பேச நேரம் கேட்டு வாங்கினேன்.

"நம் மைன்ஸில் மணி அடித்தால்தான் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கேஜ் அசையும். தோலிலும் அப்படியே. வெயில் பட்டதும் மேல்தோல் செல்கள் ஒரு சிறு புரதத்தை அனுப்புகின்றன. நிறமிச் செல்லின் மேலிருக்கும் இன்னொரு புரதம் அதை ஏற்கிறது. செய்தி உள்ளே கைமாறிக் கைமாறி நிறம் உருவாகிறது. வெண்புள்ளியிலோ, மணியைக் கேட்க வேண்டிய செல்களே இல்லை. உடலின் காவற்படையே அவற்றை அழித்துவிட்டது. இதில் கிருமி எங்கே? தொற்று எங்கே?"

"மைன்ஸையே மூடிட்டாங்க, இது இன்னும் மணி அடிக்குது பாரு!" என்றார் பாடகர் குழுவில் அம்மாவின் அருகில் நிற்கும் ஆன்ட்டி. சிரிப்பு, பிறகு பலத்த கைதட்டல். அவரே அம்மாவின் தோளைத் தட்டினார். "இன்னாமா பேசுது உன் பொண்ணு! ஒட்டாதுன்னு எங்களுக்குத் தெரியாதா?"

அடுத்த திருவிருந்தில் அம்மாவுக்குப் பின்னால் அவர்தான் வந்தார். பீடத்தை நெருங்கியதும், "முட்டி வலிக்குது, நீங்க போங்க" என்று பின்னாலிருந்தவருக்கு வழிவிட்டார். அவரும் அசையவில்லை. எதிரணியே இல்லாத சபையில் நான் எதை வெல்வது?

வீட்டில் அம்மா கண்ணாடி முன் களிம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் பேசுனே. ஆனா இதுவரைக்கும் என் உதட்டைப் பாக்காதவங்களும் இப்ப பாக்குறாங்க. இனிமே நான் கடைசில போறேன்."

"நீ ஏம்மா கடைசில போவணும்?"

"எனக்குப் பின்னாடி யாரும் இல்லன்னா யாருக்கும் கஷ்டம் இல்ல பாரு."



பின்வந்த திருவிருந்தில், எல்லோரும் முடித்த பிறகே அம்மா எழுந்தார். நான் அவர் பின்னால் போய்ப் பக்கத்தில் முழங்காற்படியிட்டேன். அம்மா குடித்தார். போதகர் விளிம்பைத் துடைத்தார். நான் குடித்தேன்.

அம்மா தலை நிமிராமலே முணுமுணுத்தார்: "நீ ஏன் இங்க வந்தே? உன்னையும் பாப்பாங்க."