வாயால் போட்ட கியர்

ஏழாவதோடு படிப்பை விட்டபின் நான் எந்த ஊரிலும் நிலைத்ததில்லை. வேலூரில் கார் ஆடியோ கடை ஒன்றில் இரண்டு மாதம் தரை கூட்டினேன். அதை வைத்து, ஆம்பூருக்குத் தோல் ஏற்றும் பழைய மினி லாரி ஓட்டும் பாயிடம் ஆம்பிளிஃபையர் மாட்டத் தெரியும் என்று அளந்துவிட்டேன்.

"பாட்டு நல்லா வந்தா நீதான் கிளீனர். இல்லேன்னா பள்ளிகொண்டாவுல எறங்கிக்க" என்றார்.

ஆம்பிளிஃபையரைச் சீட்டுக்கடியில் வைத்து, அதன் எர்த் ஒயரைக் கைக்கு எட்டிய சீட்டு போல்ட்டில் முறுக்கினேன். கிளம்பியதும் பாட்டோடு 'உய்ங்' என்று ஒரு சத்தம். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஏறியது.

"இன்னாடா இது?"

"கியர் மாத்தச் சொல்லுது பாய். புது டைப்."

அவரும் அது கத்தும்போதெல்லாம் கியர் மாற்றினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தேன்.

கொஞ்ச தூரத்தில் வெறுங்காலில் ஏதோ சுட்டது. பிளேயரிலிருந்து ஆம்பிளிஃபையருக்குப் பாட்டு வரும் ஒல்லி ஒயர் இளகிக்கொண்டிருந்தது. பின்னால் உப்புத் தோல் நாறியதில் கருகல் வாசனை இருவருக்குமே தெரியவில்லை. சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் வண்டியே போகும்.

"நிறுத்துங்க பாய், வயித்த கலக்குது!"

அவர் டீ குடிக்கப் போனார். நான் பாட்டை அணைத்து, பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றினேன். கடையில் கூட்டிக்கொண்டே பார்த்ததெல்லாம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சீட்டு போல்ட்டுக்கு அடியில் பெயின்ட்டும் உப்பு தின்ற துருவும்தான். கரன்ட் திரும்ப வழியில்லாமல் ஒல்லி ஒயரில் ஏறியிருந்தது. சேஸிஸில் ஓரிடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, பிளஸ் ஒயர் அளவுக்குத் தடித்த ஒயரை ஒரு முழத்துக்குள் வெட்டி, அங்கே போல்ட் போட்டு இறுக்கினேன். இளகிய ஒயருக்குப் பதில், வேலூர் கடையிலிருந்து சொல்லாமல் எடுத்து வந்ததைப் பையிலிருந்து எடுத்து மாட்டி, பேட்டரி மைனஸையும் திரும்ப இணைத்தேன்.

வண்டி கிளம்பியது. பாட்டு தெளிந்த தண்ணீர் மாதிரி வந்தது. பாய் முகம் சுளித்தார்.

"கியர் மாத்தச் சொன்ன ஆளு எங்கடா?"

நான் கை நீட்டிப் பாட்டின் சத்தத்தைக் கூட்டினேன்.

"வயித்த கலக்குதுன்னு போனவன் கையில ஏதுடா கிரீஸு?"

கையை மறைத்துப் பயனில்லை. பள்ளிகொண்டா வந்தது. அவர் நிறுத்தவில்லை.

"ஆம்பூர் வரைக்கும் அந்த சத்தத்த நீயே போடு. கத்துறத நிறுத்துன எடத்துல எறங்கிக்க."

மாதனூரில் ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் மூன்றாவது கியருக்காக உயிரைக் கொடுத்துக் கத்திக்கொண்டிருந்தேன்.