மார்ஜின் மேடம் தொட்ட வரி

அலுவலகத்தில் அவளுக்கு மார்ஜின் மேடம் என்று பெயர். இது அவள் காதுக்கு எட்டவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இருபத்திரண்டு வருடம் ஒரே இடத்தில் குப்பை கொட்டியவளுக்கு இதுகூடவா தெரியாமல் போகும்? புரோகிராம் எழுதுகிறவர்களில் பலருக்கு எழுதியது ஓடினால் போதும். இவளுக்கு அது போதாது. ஒவ்வொரு வரியும் இடப்பக்கம் அளந்து இடம் விட்டுத் தொடங்க வேண்டும். அடுத்தவர் எழுதியது கோணலாக நின்றால் கை சும்மா இருக்காது, இழுத்து நேராக்கிவிட்டுத்தான் மறுவேலை. வீட்டிலும் அதே கதை. துவைத்த துண்டின் ஓரம் ஒத்து வராவிட்டால் பிரித்து மறுபடி மடிப்பாள். பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற அவள் கணவர், "துண்டு என்ன பரீட்சையா எழுதப்போகுது, விடேன்" என்பார்.

அவர்கள் நிறுவனம் ஆம்புலன்ஸ் நிலையத்துக்கான மென்பொருளைப் பார்த்துக்கொண்டது. யாராவது போன் செய்து முகவரி சொன்னால், எந்த வண்டி பக்கத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, ஓட்டுநரின் திரைக்கு வழியை அனுப்பும். அவ்வளவுதான் அதன் வேலை. அந்த அவ்வளவில்தான் உயிர் இருந்தது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, 47-பி என்ற வீட்டிலிருந்து ஒருவர் அழைத்தார். அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, சீக்கிரம் வாருங்கள் என்றார். மென்பொருள் அந்த 'பி'யைத் தின்றுவிட்டது. வண்டி வெறும் 47-க்குப் போய் நின்றது. அந்த வீடு தெருவின் பழைய பாதியில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ரயில்வே கேட் மூடியிருந்தது. சுற்றிக்கொண்டு வந்து சேர இருபத்து மூன்று நிமிடம். அதற்குள் அந்த அம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

எழுத்து ஒட்டிய கதவு எண்கள் முன்பெல்லாம் அந்த ஊரில் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் இருந்தன. வீடுகளை உடைத்து அடுக்ககம் கட்டத் தொடங்கிய பிறகுதான் பெருகின. ஆகவே தவறு பல வருடமாக உள்ளேயே சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. ஒரு சக ஊழியர் அன்று மதியமே இரண்டு வரி எழுதிச் சரிசெய்துவிட்டார். இரண்டே வரி, பத்து நிமிட வேலை! இறந்தவரின் மகன் எழுதிய கடிதத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: இதை எழுதியது யார்?

மேலாளர் அவளை அறைக்குள் கூப்பிட்டு, திரையை அவள் பக்கம் திருப்பினார். அவர் புரோகிராம் எழுதி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. புரோகிராமில் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியின் கட்டளைகளில் அவருக்கு நினைவில் தங்கியிருந்தது ஒன்றே ஒன்று, பிளேம். பெயரே குற்றம் சாட்டுகிற பெயர். ஒரு கோப்பின் மேல் அதை ஏவினால், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒருவர் பெயரும் தேதியும் வந்து நிற்கும். 'பி'யைத் தின்ற அந்த வரிக்குப் பக்கத்தில் அவள் பெயர் நின்றது. எட்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

"சார், இது கடைசியா தொட்டது யாருன்னுதான் காட்டும். எழுதினது யாருன்னு காட்டாது."

"தொட்டது நீங்கதானே?"

"எல்லா வரியையும் நான்தான் தொட்டேன். மார்ஜின் சரிபண்ணேன். கீழ போய்ப் பாருங்க, நாலாயிரம் வரியிலயும் என் பேருதான் இருக்கும்."

மேலாளர் கீழே போய்ப் பார்த்தார். இருந்தது. "அப்ப அதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு, காட்டுங்க" என்றார்.

இங்கேதான் அவள் மாட்டிக்கொண்டாள். கிட்டில் யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்பதெல்லாம் கமிட் எனப்படும் தனித்தனிப் பதிவுகளாகக் கிடக்கும். 'லாக்' என்று கேட்டால் ஆதியிலிருந்து ஒப்பிக்கும். ஆனால் எட்டு வருடத்துக்கு முன் புதிய சர்வருக்கு மாறியபோது, பழைய வரலாறு கனமாக இருக்கிறது, மாற்ற நேரமாகும் என்று அவள் கடைசி நிலையை மட்டும் எடுத்து, மார்ஜினை நேராக்கி, 'முதல் பதிவு' என்று ஒரே கமிட்டாகப் போட்டாள். வரலாற்றை அப்புறம் கொண்டுவரலாம் என்றிருந்தாள். ஒரு மாதத்தில் பழைய சர்வரைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். அவளுடைய 'அப்புறம்' அப்படியே நின்றுபோனது.

மேலாளர் கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, "இங்க பாருங்க, வரலாறு கிடைக்கலன்னா, எழுதினவர் யாருன்னு தெரியலன்னு போட்டு வியாழக்கிழமையோட விசாரணைய மூடிடலாம். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

"வேலைக்கு ஆகாது. என் பேருக்கு?"

வெளியே அவள் நடந்து போனால் பேச்சு நின்றது. தேநீர் இயந்திரத்தின் அருகே இரண்டு பேர் அவளைப் பார்த்ததும் கோப்பையைப் பார்த்தார்கள். ஒரு தாயைக் கொன்றவள் என்று மனதுக்குள் எழுதிவிட்டார்கள். தான் எழுதாத வரிக்காகத் தன் பெயர் இப்படிச் சந்தி சிரிக்கிறதே என்று பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அன்று வீட்டில் துணி மடிக்காமல் நாற்காலியில் குவிந்து கிடந்தது. கணவர் அதைப் பார்த்துப் பயந்துபோனார். "பழைய காப்பி யார்கிட்டயும் இல்லையா?" என்று கேட்டார். அவருக்கு கிட் என்றால் என்னவென்று தெரியாது. ஆனாலும் கேள்வி சரியான இடத்தில் விழுந்தது.

ஏனென்றால் கிட்டின் சூட்சுமமே அதுதான். ஒருவர் குளோன் என்ற நகலை எடுத்தால் கோப்போடு முழு வரலாறும் அவர் கணினிக்கு வந்துவிடும். சர்வர் செத்தாலும் யாரோ ஒருவர் வீட்டில் ஆதி முதல் எல்லாம் உயிரோடு இருக்கும். யார் வீட்டில்? எல்லோரும் புதியதற்கு மாறிவிட்டார்களே. மாறாதவர் ஒருவர் உண்டு. அதற்கும் ஒரு வருடம் முன்பே வேலையை விட்டவர். அவருக்கு நிதானம் என்று பெயர் வைத்திருந்தார்கள். கேள்வி கேட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டுத்தான் பதில் சொல்வார். சிறுநீரகம் கெட்ட பிறகு வீட்டிலிருந்து சொந்த லேப்டாப்பில் வேலை பார்த்தார். மூன்று வருடத்துக்கு முன் இறந்துபோனார். அந்த வரியை எழுதியதும் அவராகத்தான் இருக்கும் என்று அவள் நினைத்தாள். சத்தியமாகச் சொல்வதென்றால், இருக்கட்டும் என்றும் நினைத்தாள். செத்தவரை யார் என்ன செய்துவிட முடியும்?

புதன்கிழமை காலை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போனாள். மாடிப்படி ஏறி மணியடித்தபோது கதவில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தாள். 16-ஏ. எண்ணோடு ஒட்டி இங்கேயும் ஓர் எழுத்து.

நிதானத்தின் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர். "வாம்மா, எத்தன வருஷமாச்சு!" என்று கையைப் பிடித்து உட்காரவைத்தார். விஷயத்தைச் சொன்னதும் அலமாரியிலிருந்து லேப்டாப்பை எடுத்து வந்தார். அதற்கு ஒரு துணி உறைகூடத் தைத்திருந்தார்.

"மாசம் ஒரு தடவ சார்ஜ் போட்டு வெப்பேன். போட்டா நாங்க ரெண்டு பேரும் கடற்கரைல எடுத்துக்கிட்ட படம் வருது. அதுக்காக." சற்றுத் தயங்கி, "அவர் பேரு எதுலயும் மாட்டிக்காதுல்லம்மா? அந்த மனுஷன் ஒருத்தருக்குக் கெடுதல் நெனச்சதில்ல" என்றார்.

"பாக்கறேன்க்கா" என்றாள்.

"பாரு, பாரு. அந்த ஆம்புலன்ஸ் விஷயத்துல மட்டும் அவருக்கு என்ன வீம்போ! கடைசியா முடியாம போனப்ப, கூப்பிடறேன்னு போன எடுத்தேன். சொந்த ஆபீஸ் வண்டிதானே. வேணாம், வாடகைக் கார் கூப்பிடுன்னு ஒரே பிடிவாதம். வலியில துடிச்சுக்கிட்டு கார்லதான் வந்தாரு." சிரிக்கப் பார்த்து, சிரிப்பு வராமல், தேநீர் போட உள்ளே போனார்.

சாப்பாட்டு மேசையில் லேப்டாப் திறந்தது. கடல் வந்தது, இரண்டு பேர் வந்தார்கள். அவள் ஆம்புலன்ஸ் மென்பொருளின் கோப்புறையைக் கண்டுபிடித்து 'லாக்' கேட்டாள். வந்தது! ஆதியிலிருந்து, ஒரு கமிட்கூடக் குறையாமல். கோப்பைத் திறந்து பிளேம் கொடுத்து, வரி வரியாகக் கீழே இறங்கினாள். நாலாயிரம் வரியில் ஏழெட்டுப் பேரின் பெயர்கள் கலந்து வந்தன, கோணல் மார்ஜின்களோடு. அந்த வரி வந்தது.

அவள் பெயர்.

பதின்மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு திங்கட்கிழமை, மாலை நாலு மணி ஐம்பது. கமிட்டுக்குக் காரணம் எழுதும் இடத்தில், அவளுடைய சொந்த எழுத்தில்: 'தற்காலிகம். கதவு எண்ணில் இலக்கம் மட்டும். அப்புறம் சரிபண்ணணும்.' அந்த நாள் அவளுக்கு நினைவுக்கே வரவில்லை. மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ஓடியிருப்பாள், பேருந்தைப் பிடிக்க ஓடியிருப்பாள், எதற்கோ ஓடியிருப்பாள். ஒரு பெண்ணின் உயிரைப் பத்து வினாடியில் எழுதி வைத்துவிட்டு ஓடியவளுக்கு எதற்காக ஓடினோம் என்பதுகூட நினைவில்லை.

அதோடு விட்டதா? இல்லை. 'பிராஞ்ச்' என்று தட்டினால் என்னென்ன கிளைகள் இருக்கின்றன என்று காட்டும். மெயின் என்ற பொதுக்கிளைக்குக் கீழே இன்னொன்று இருந்தது. பெயர்: கதவு-எண். நிதானம் தன் கணினியிலேயே வைத்திருந்த கிளை. சர்வருக்கு அனுப்பவில்லை, அதாவது புஷ் செய்யவில்லை. மூத்தவள் என்று அவள் பார்த்துச் சரி சொன்னால்தான் எதையும் அனுப்ப வேண்டும் என்பது அன்றைய சட்டம், அந்தச் சட்டத்தைப் போட்டவளும் அவள்தான். உள்ளே இரண்டு வரி. போன மாதம் சக ஊழியர் எழுதிய அதே இரண்டு வரி.

காரணம் இப்படி இருந்தது: 'என் வீட்டு முகவரியைப் போட்டுப் பார்த்தேன். வண்டி வேறு வீட்டுக்குப் போகிறது. சரிசெய்தேன். மேடம் பார்த்த பிறகு பொதுக்கிளையில் மெர்ஜ் செய்து சேர்க்கவும்.' அதன் மேல் மாதத்துக்கு ஒன்றாகப் பதினோரு கமிட்டுகள். ஒவ்வொரு மாதமும் பொதுக்கிளையிலிருந்து புதியதைப் புல் என்ற கட்டளையால் இழுத்து, தன் கிளையோடு சேர்த்து, எப்போது கேட்டாலும் தயாராக வைத்திருக்கிறார். 'மேடமிடம் சொன்னேன். அப்புறம் பார்க்கிறேன் என்றார்.' 'மேடமிடம் நினைவூட்டினேன்.' 'மேடத்துக்கு வேலை அதிகம்.' கடைசியாக, அவர் வேலையை விட்ட தேதியில்: 'மேடம் இன்னும் பார்க்கவில்லை.' ஒன்றிலும் கோபம் இல்லை. ஒரு கெட்ட வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா அந்த மனுஷன்!

இதை மூடிவிட்டு 'ஒண்ணும் கிடைக்கலக்கா' என்று எழுந்துவிடலாம். ஒன்பது வருடமாக இதைத் திறந்து பார்க்க யாரும் இல்லை. நாளை வியாழக்கிழமை, விசாரணை மூடிவிடும். கோப்புறையை அழிக்கிற கட்டளை ஒரே வரிதான், அதையும் அவள் தட்டினாள். தட்டிவிட்டு என்டரை அழுத்தாமல் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுத்தெழுத்தாக அழித்தாள்.

தன் போனிலிருந்து இணையத்தை எடுத்துக்கொண்டு, சர்வரின் முகவரியைக் கொடுத்து, தன் கடவுச்சொல்லைப் போட்டு, இரண்டு கிளைகளையும் புஷ் செய்தாள். பழைய லேப்டாப் மூச்சுத் திணறிக்கொண்டு அனுப்பியது. நூற்றுக்கு நூறு என்று வந்தது. மெர்ஜ் செய்ய இனி எதுவும் இல்லை, அந்த இரண்டு வரியைத்தான் சக ஊழியர் போன மாதமே எழுதிவிட்டாரே. மேலாளருக்கு ஒரு வரி அனுப்பினாள்: 'வரலாறு கிடைத்தது. எழுதியது நான். அந்த மகனுக்குச் சொல்லிவிடுங்கள்.'

தேநீரோடு வந்தவர் அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "என்னம்மா? அவர் தப்பா?"

"இல்லக்கா. அவர் சரிபண்ணி வெச்சிருக்காரு. பத்து வருஷம் முன்னாடியே."

"அப்ப ஏன் அந்த வண்டி தப்பாப் போச்சு?"

"என்கிட்ட பாக்கச் சொன்னாரு. நான் பாக்கல. தப்பா எழுதினதும் நான்தான்."

நிதானத்தின் மனைவி கோப்பையை மேசையில் வைத்தார். திரையில் தமிழில் இருந்த வரிகளைக் குனிந்து ஒவ்வொன்றாகப் படித்தார். கண்ணாடிக் கடைக்காரர், கண்ணாடியில்லாமல் முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் படித்தார். முதல் வரிக்குத் திரும்பி வந்து, அதையே இரண்டாம் முறை படித்தார். என் வீட்டு முகவரி. வண்டி வேறு வீட்டுக்குப் போகிறது.

"அதனாலதான் கார் கூப்பிடச் சொன்னாரா?"

"ஆமாக்கா."

அவர் லேப்டாப்பை மூடி, துணி உறைக்குள் போட்டு, உறையின் ஓரத்தைச் சரியாக மடித்துவிட்டு, வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.