ரீஃபண்டுக்கு முன் ஒரு கேள்வி

வோபர்னில் உள்ள எங்கள் பார்மசியில் திங்கட்கிழமை காலை வரிசை கதவுவரை நிற்கும். அன்றும் நின்றது. இரண்டு தொலைபேசிகளும் அடித்துக்கொண்டிருந்தன. நான் அங்கே டெக்னீஷியன். புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சிவராசா அங்கிள் ஒரு பை ரசீதுகளைக் கவுண்டரில் கொட்டினார். அறுபத்தைந்து வயதாகி, முதியோருக்கு மருந்தை இலவசமாகத் தரும் மாகாணத் திட்டத்தில் அவருக்கு இடம் கிடைத்திருந்தது. அது தெரியாமல் இந்த மாதமும் காசு கட்டிவிட்டார். கடிதம் பிந்தித்தான் வந்ததாம்.

"எல்லாத்தையும் திருப்பித் தா பிள்ளை."

"இந்த மாசம் கட்டினது மட்டும்தான் வரும் அங்கிள். அதுக்கு முதல் வாங்கினதுக்குத் தரேலாது."

"அப்ப என்ரை அம்மா என்னை முந்தியே பெத்திருக்க வேணும் எண்டுறாய்!"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அங்கிள் சிரிக்கவில்லை. காலை மாற்றி மாற்றி நின்றார். வெளியே பனி கொட்டியது; அவர் நெற்றி வியர்த்திருந்தது.

வேலை எளிது. பழைய பில்லை ரிவேர்ஸ் செய்து, திட்டத்துக்குப் பில் செய்து, காசைத் திருப்பிக் கொடுக்கலாம். அதற்காகக் கணினியில் அவருடைய பதிவைத் திறந்தேன். ஒரு மாதத்துக்குரிய நீரிழிவுக் குளிசையை அவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வாங்கியிருந்தார். இந்த மாதம் டாக்டர் அளவைக் கூட்டியிருந்தார்.

"நடுவில வேற இடத்தில வாங்கினீங்களோ அங்கிள்?"

"இல்லை. பாதியா முறிச்சுத்தான் போட்டனான். விலையெல்லோ."

"டாக்டருக்குச் சொன்னீங்களோ?"

"இதைப் போய் அவருக்குச் சொல்லுறதே? சீனி இறங்கேல்லை எண்டு கூட்டி எழுதினார். இப்ப ஓசிதானே. கடிதம் வந்த நாள் தொடக்கம் முழுசாப் போடுறன்."

சொல்லிக்கொண்டே கவுண்டரை இறுக்கிப் பிடித்தார். விரல்கள் நடுங்கின.

மருந்தாளர் ஃபராவைக் கூப்பிட்டேன். அவர் அங்கிளின் விரலில் குத்திப் பார்த்தார். இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. பாதி போட்டது தெரியாமல் டாக்டர் கூட்டிய அளவை அவர் இப்போது முழுசாகப் போட்டிருந்தார். கதிரையில் இருத்தி ஜூஸ் குடிக்க வைத்தோம்.

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்று வரிசையில் ஒருவர் கத்தினார். நான் திரும்பவில்லை. ஃபரா அளவு பார்த்தார், காத்திருந்தார், மறுபடி பார்த்தார். பிறகு டாக்டரை அழைத்துக் குளிசையின் அளவைக் குறைக்க வைத்தார்.

அங்கிளின் முகத்தில் நிறம் திரும்பியது. "பிள்ளை, அந்தக் காசு?"

"தாறன். முதல் உந்த ஜூஸை முடியுங்கோ."

இப்போது நான் வைத்திருக்கும் ஒழுங்கு இது:

1. காசு கட்டிய காலத்தில் மருந்தை எப்படிப் போட்டார் என்று கேளுங்கள்.
2. குறைத்துப் போட்டிருந்தால் மருந்தாளரைக் கூப்பிடுங்கள்.
3. அதன்பிறகு ரசீது.

வரிசை முணுமுணுக்கும். முணுமுணுக்கட்டும். சிவராசா அங்கிள் தனியாக வசிப்பவர். காசு கேட்டு வந்ததால்தான் அன்று எங்கள் முன்னால் நடுங்கினார்.