கிள்ளச் சொல்லும் வேலை

பிசியோதெரபி படித்து முடித்து, சிவகாசியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தபோது, என் படிப்புக்கு அம்மா வைத்த பெயர் 'கை கால் அமுக்குற படிப்பு'. அப்படிச் சொல்ல அவளுக்கு முழு உரிமை உண்டு. விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னி, நாலரை வருடம் என்னைப் படிக்க வைத்தவள் அவள். நான் வேலைக்குப் போனதும் பின்னலை விட்டுப் பெட்டி அடுக்க மாறிக்கொண்டாள். "பின்னிப் பின்னி அலுத்துப்போச்சு" என்றாள். நானும் நம்பினேன்.

அப்படி மாறியும், தீபாவளி சீசனில் அவளுடைய நான்கு வாரக் கூலி என் மாதச் சம்பளத்தைத் தாண்டியது. இதைத் தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லி வைத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து மதுரையில் உடம்பு குறைக்கும் சென்டர் ஒன்றில் என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டு மடங்கு சம்பளம், ஏசி அறை. வருகிறவர்களின் இடுப்பில் பெல்ட்டை மாட்டி சுவிட்சைப் போட வேண்டும். மிச்சத்தை பெல்ட்டே பார்த்துக்கொள்ளும். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லச் சொன்னார்கள்.

"இதுல யோசிக்க என்ன கெடக்கு? இங்கன இருந்து எம்புட்டு நாளைக்கு அமுக்குவ?" என்றாள் அம்மா.

யோசிக்க ஒரு கட்டைவிரல் கிடந்தது. நாரணாபுரத்திலிருந்து ஒரு அக்கா என்னிடம் வந்துகொண்டிருந்தார். அவரும் சரவெடி பின்னுகிறவர். கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சண்டை போட்ட சம்பந்திகளைப் போலச் சேர மறுத்தன. திரியைப் பிடிக்காமல் பின்ன முடியாது. பின்னாவிட்டால் கூலி கிடையாது. பயிற்சிக்கு நான் கொடுத்த ரப்பர் பந்துகள் அவர் வீட்டுப் பிள்ளைகளின் கிரிக்கெட்டுக்குப் போயின. கடைசியில் என் கையையே நீட்டி, "என்னைக் கிள்ளுங்கக்கா" என்றேன்.

"ஆத்தாடி, டாக்டரம்மாவக் கிள்ளவா? வேண்டாம் தாயி."

கிள்ளு வாங்குவதில் எனக்கு அனுபவம் உண்டு. சின்ன வயதில் வாய்ப்பாடு தப்பினால் அம்மா தொடையில் கிள்ளும் கிள்ளு, என் அலறல் வழியாகத் தெருவுக்கே தெரியும்.

மூன்று வாரம் அக்காவின் விரல்கள் ஈ உட்கார்வதுபோல் என் கையில் உட்கார்ந்து எழுந்தன. மதுரைக்குப் பதில் சொல்ல வேண்டிய திங்களுக்கு முந்தின சனிக்கிழமை, "மாமியாரை நெனச்சுக்கிட்டுக் கிள்ளுங்க" என்றேன். கிள்ளினார். நான் போட்ட கத்தலில், வெளியே ஊசிக்குக் காத்திருந்த ஒருவர் எழுந்து வீட்டுக்கே போய்விட்டார்.

"இனி திரியப் பிடிச்சிருவேன்ல தாயி?" என்று அக்கா அழுதார். எனக்கும் கண் கலங்கியது. வலி என்று சொல்லிச் சமாளித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

வீட்டில் அம்மா அந்தச் சிவந்த தடத்தைப் பார்த்துவிட்டாள். "எவ கிள்ளுனது?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். சண்டைக்குக் கிளம்புவாள் என்று பார்த்தால், "மூணு வாரத்துல சரியாயிருச்சா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு தன் வலது கையை நீட்டினாள்.

"அப்ப இதையும் பாரு. ரெண்டு வருசமா இந்தப் பெருவிரல் மடங்க மாட்டேங்குது. ஒன் படிப்பு முடியட்டும்னு இருந்தேன். வீட்டாளுக்கும் பீஸ் உண்டா?"

வெட்கமாகப் போய்விட்டது. ஊரில் உள்ளவர்கள் கையையெல்லாம் பிடித்துப் பார்த்த நான், எனக்குச் சோறு போட்ட கையைப் பார்க்கவில்லை. "கிள்ளும்மா" என்று என் கையைக் கொடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு கிள்ளினாள். வலிக்கவே இல்லை.

திங்கட்கிழமை ஒரு ரூபாய் காயின் போனில் மதுரையைக் கூப்பிட்டு, வரவில்லை என்று சொன்னேன். அம்மா அதை மன்னிக்கவில்லை. தினமும் சாயங்காலம், "ரெட்டைச் சம்பளத்த விட்டவளே" என்று சொல்லித்தான் கிள்ளுவாள். ஐப்பசி பிறந்த வாரத்தில் அது லேசாக வலிக்கத் தொடங்கியது.