பேர் சொல்லாத தட்டு

சின்னம்மா அந்த இசைத்தட்டைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு மாடிப்படி ஏறி வந்த சாயங்காலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அப்போது நாங்கள் ரங்கூனில் லத்தா என்ற பேட்டைப் பக்கம் குடியிருந்தோம். அப்பா துறைமுகத்தில் மேஸ்திரி. சின்னம்மா என் அம்மாவின் தங்கை. புருஷனை இழந்து எங்களோடு இருந்தாள். ஒரு துரை வீட்டில் ஆயா வேலை அவளுக்கு. அந்த வேலையில்தான் அவள் தலை நிமிர்ந்து நடந்தாள்.

"துரைசானி கொடுத்தாங்க அத்தான். அவங்க ஊர்க்காரர் ஒருத்தர் சீமையில நுனிக்கால்ல நின்னு ஆடுவாங்களாமே, அந்த ஆட்டத்துக்குன்னு எழுதின வாத்திய சங்கீதமாம். பெரிய பாப்பா இதைப் போட்டாத்தான் சாப்பிடும். அது சீமைக்குப் படிக்கப் போயிடுச்சு, நீயே வச்சுக்கன்னாங்க."

"ஆயாவுக்கு யாரும்மா இவ்வளவு விலைச் சாமானைக் கொடுப்பா?" என்றார் அப்பா.

கீழ்வீட்டுத் தையற்காரரிடம் கிராமபோன் இருந்தது. போட்டுப் பார்த்தோம். பிடில்கள் கூட்டமாக எழுந்தன, நடுவில் ஒரு குழல் குழந்தை ஓடுகிறாற்போல ஓடியது. சின்னம்மாவின் குதிகால் தரையைவிட்டு எழும்பியதை நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். அவர் காத்திருந்தது முடிவுக்காக. எங்களிடமிருந்த தமிழ்த் தட்டுகளில் பாட்டு முடிந்ததும் பாடியவர் தன் பேரைச் சொல்லுவார். இதில் ஊசி கரகரத்ததோடு சரி.

"பேர் சொல்லாத சரக்கு நல்ல சரக்கா?"

"நீங்க அதட்டிக் கேளுங்க மேஸ்திரி, ஒருவேளை சொல்லும்" என்று தையற்காரர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. துரைசானியையே கேட்டுவிடுவதாகச் சொன்னார்.

"வேணாம் அத்தான். நீங்க கேட்டா என் சோத்துல மண்ணு விழும்" என்று சின்னம்மா கெஞ்சினாள். அந்தக் கெஞ்சலே அப்பாவின் சந்தேகத்தை முற்றவைத்தது. மறுநாள் கோட்டு மாட்டி, தலைப்பாகை கட்டி, தட்டோடு போனார். துரைசானி, தான் கொடுத்ததுதான் என்றாளாம். மலர்ந்த முகத்தோடு அல்வா வாங்கிக்கொண்டு திரும்பினார்.

அந்த வாரமே துரைசானி அலமாரிக்குப் பூட்டுப் போட்டாள். ஸ்பூன்களை எண்ணத் தொடங்கினாள். அடுத்த மாதம் சின்னக் குழந்தைக்கு வேறு ஆயா வந்துவிட்டாள்.

"வீட்டு ஆம்பளையே நம்பாதவளை அவங்க எப்படி அத்தான் நம்புவாங்க?" என்று மட்டும் சின்னம்மா கேட்டாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

இப்போது என் மருமகளும் வேலைக்குப் போகிறாள். சில நாள் ஒரு புதுக் குடை, ஒரு நல்ல கைக்கடிகாரம் என்று ஏதாவது கொண்டு வருவாள். யார் கொடுத்தது என்ற கேள்வி என் நாக்கு நுனிவரைக்கும் வரும். அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய்விடுவேன்.